லெகோ கவணும் பிள்ளைகளின் கண்களும்

கடந்த பாடசாலை விடுமுறையில், எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பையன் லெகோ கட்டைகளால் ஒரு கவண் செய்தான். இரண்டு தூண்கள், நடுவே ஓர் அச்சு, அதன்மேல் நீளமான ஒரு கை, இழுத்துவிட றப்பர் வளையம். எதிரே கட்டைகளை அடுக்கி, மேலே கடதாசிக் கப்புகளை வைத்துக் குறி பார்த்தான். எறிந்தது கண்ணாடிப் போளை. விழுந்த கப்பை எடுக்க ஓடிய தங்கையின் கண்ணில் அது பட்டுவிட்டது.

அம்மம்மா பன்னீர் விட்டுக் கழுவிப் படுக்க வைத்தார். மறுநாள் காலை பார்வை மங்கி, வாந்தியும் வரவே, வைத்தியசாலைக்கு ஓடினார்கள். கண்ணின் முன்னறைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. நல்லவேளையாகப் பார்வை திரும்பிவிட்டது. ஆனால் இப்படி அடிபட்ட கண்ணில் பல வருடங்களுக்குப் பின்னரும் கண் அழுத்த நோய் வரக்கூடும் என்பதால், தொடர்ந்து பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செய்தி பரவியதும் பல வீடுகளில் லெகோப் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. இதைத்தான் நான் பிழை என்கிறேன். பெட்டி மேலே போனதும் பிள்ளையின் கைக்கு வருவது என்ன? தொலைபேசிதான். கட்டைகளைப் பொருத்தவும் கழற்றவும் விரல்கள் பலமாக வேலை செய்கின்றன. கையை ஒரு கட்டை நீளமாக்கினால் என்ன நடக்கும் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது. பத்துத் தரம் தவறவிட்டுப் பதினோராவது தரம் விழுத்தும் பொறுமையும் வருகிறது. (வெளியே ஓடி விளையாடுவதற்கு இது ஈடாகாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஊரில் கெற்றப்போலால் மாங்காய் அடித்த அப்பாமார் இதைத் தடை செய்வது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது.

பிழை கவணில் இல்லை, எறிந்த பொருளில்தான். பெரிய பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு அடியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். போளையோ லெகோக் கட்டையோ அந்த எலும்புக்குள் நுழைந்து நேரே கண்ணில் இடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இடியின் சக்தி நான்கு மடங்காகும். ஆகவே றப்பர் வளையம் ஒன்றே போதும். இரண்டாவதைப் போடப் பிள்ளை கட்டாயம் ஆசைப்படும், விடாதீர்கள். எறிவதற்குக் கம்பளி நூலில் சுற்றிய, ஐந்து சென்ரிமீற்றர் அளவான பந்து செய்து கொடுங்கள். அம்மம்மாமாருக்கு அது ஐந்து நிமிட வேலை. கப்புகளும் அதற்கு நன்றாகவே விழும்.

நிலத்தில் ஒரு ரேப் கோடு ஒட்டுங்கள். எல்லாப் பந்தும் எறிந்து முடியும் வரை கோட்டுக்கு அப்பால் ஒருவரும் போகக்கூடாது. அந்தத் தங்கைக்கு இந்த ஒரு விதி இருந்திருந்தாலே போதும்.

வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் இறுதியில் விண்கலப் பொம்மை ஒன்றிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி நான்கு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அந்நாட்டில் 1980 முதல், 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள அளவுக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் துண்டுகள் கொண்ட பொம்மைகளை மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கென விற்க முடியாது. சாதாரண லெகோக் கட்டைகளில் பெரும்பாலானவை அக்குழாய்க்குள் அடங்கிவிடும். விளையாடி முடிந்ததும் எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடுவது மூத்த பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.

அப்படியும் கண்ணில் பட்டுவிட்டால் கசக்கவோ அழுத்தவோ வேண்டாம். பன்னீர், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் விடவேண்டாம். வலிக்கென்று அஸ்பிரின், ஐபுபுரொஃபென் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடலாம். நோவு நிற்காவிட்டால், பார்வை மங்கினால், கருவிழிக்கு முன்னால் சிவப்பு மட்டம் தெரிந்தால், அல்லது பிள்ளை வாந்தியெடுத்தால் அன்றைக்கே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். எறிந்த பொருளையும் கையோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள்.