வெள்ளத்துக்கு விசா கிடையாது

2025 ஜூலை 8. நேபாளம்-சீனா எல்லையில் ரசுவாகடி என்ற இடத்தில் இருந்த பாலத்தை போட்டே கோசி ஆறு அடித்துக்கொண்டு போனது. பாலத்தின் பெயர் என்ன தெரியுமா? நட்புப் பாலம்! திபெத்தில் பனிப்பாறை மீது தேங்கிய ஏரி ஒன்று வடிந்ததே காரணம் என்று காட்மாண்டுவில் உள்ள இசிமோட் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொன்னது. மேலேயிருந்து ஒரு எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் நேபாள அதிகாரிகள்.

தகவல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2004-ல் திபெத்தின் பாரிச்சு ஆற்றை நிலச்சரிவு அடைத்து ஏரியாக்கியது. சீனா அதை இந்தியாவுக்குத் தெரிவித்தது. 2005 ஜூனில் ஏரி உடைந்து சட்லெஜில் வெள்ளம் பாய்ந்தபோது இமாசலத்தில் பாலங்களும் சாலைகளும் போயின. கரையோர மக்கள் முன்பே மேட்டுக்கு ஏறியிருந்தார்கள். ஒரு தகவல், அவ்வளவுதான்!

ஆனால் அரசுகளுக்கு இந்தத் தகவல் ஒரு சலுகை. கோபம் வந்தால் குழாயை மூடுவதுபோல் மூடிவிடலாம். 2017-ல் டோக்லாம் தகராறு நடந்த ஆண்டில் பிரம்மபுத்திராவின் நீரளவு விவரங்களைச் சீனா தரவில்லை. அளவீட்டு நிலையத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சாக்கு வேறு. இந்தியாவில் எல்லோரும் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்.

எட்டு வருடம் கழித்து என்ன நடந்தது? 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. 1965, 1971, 1999 என மூன்று சண்டைகளைத் தாண்டிய 1960-ம் ஆண்டு ஒப்பந்தம் அது. வெள்ளம் வந்தால் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒரு கடமை. ஆகஸ்டில் தாவி ஆறு பெருகியபோது இந்தியா பாகிஸ்தானுக்குச் சொல்லத்தான் செய்தது. ஆனால் சிந்து ஆணையம் வழியாக அல்ல, தூதரகம் வழியாக, 'மனிதாபிமான அடிப்படையில்'. கடமை கருணையாகிவிட்டது. கருணை அடுத்த மழைக்காலத்திலும் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

"கொல்ல ஆள் அனுப்புகிறவனுக்கு வெள்ளக் கணக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். துப்பாக்கி தூக்கியவன் ஆற்றங்கரையில் நெல் நடுவதில்லையே! சாகப்போவது செனாப் கரை விவசாயி.

இதைச் சொன்னதும் பாகிஸ்தானை உத்தமராக்க வேண்டியதில்லை. 1960-ல் எழுதிய ஒப்பந்தத்தில் பனி உருகுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. இமயமலை வட்டாரத்தில் 2011-20ல் பனிப்பாறைகள் முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்கிறது இசிமோட். ஒப்பந்தத்தை மாற்றிப் பேசலாம் என்று 2023-லும் 2024-லும் இந்தியா நோட்டீஸ் கொடுத்தது. இஸ்லாமாபாத் நழுவியது. அது பாகிஸ்தானின் தப்பு, சந்தேகமே இல்லை.

அதற்காக வெள்ள அளவீட்டையுமா பிணையாக வைப்பது? தண்ணீரைப் பங்கு போடுவது ஒரு பேச்சு; ஆறு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சொல்வது வேறு பேச்சு. இரண்டையும் பிரித்து, ஒப்பந்தம் இருந்தாலும் செத்தாலும் அளவீடு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று இந்தியா முதலில் அறிவித்திருக்கலாம். நஷ்டம் ஒன்றுமில்லை, லாபம்தான். ஏனென்றால் சிந்துவுக்கு மேலே இருக்கும் இந்தியாதான் பிரம்மபுத்திராவில் கீழே இருக்கிறது. 2025 ஜூலையில் திபெத்தில் அந்த ஆற்றின் மீது சீனா பிரம்மாண்டமான நீர்மின் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அஸ்ஸாமுக்காக அளவீடு கேட்டு தில்லி எந்த முகத்தோடு பெய்ஜிங் கதவைத் தட்டும்?