யார் சொன்ன முதல் தகவல்?

எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுத்தான். 1994இல் எங்கண்ணனை ஊர்த்தெருவில் மறித்து அடித்தார்கள். சைக்கிளை விட்டு இறங்காமல் போனான், அதுதான் குற்றம். சாதிப் பேரைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். ஸ்டேஷனில் அப்பா ஒன்றுவிடாமல் சொன்னார். "அதெல்லாம் எதுக்குய்யா? அடிச்சான், காயம். அத மட்டும் சொல்லு" என்றார் ஏட்டு. கடைசியில் தாளில் இருந்தது இதுதான்: முன்விரோதம் காரணமாக ஏற்பட்ட வாய்த்தகராறு கைகலப்பில் முடிந்தது.

வாசித்துக் காட்டவில்லை. அப்பா கட்டைவிரலை வைத்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அதைத் தலைகீழாக வாசித்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. பயம்.

முன்விரோதமாம்! என்ன முன்விரோதம்? வரப்புத் தகராறா? எங்களுக்குத்தான் வரப்பே கிடையாதே!

அதற்குப் பேர் முதல் தகவல் அறிக்கை. யார் சொன்ன தகவல்? எங்கப்பா சொன்னதா, ஏட்டு எழுதினதா? பிறகு கோர்ட்டில் சாதிப் பேரைச் சொன்னால், "முதல் அறிக்கையில் இல்லையே, இது பின்னால் சோடித்தது" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். முதல் தாளில் சாதியைத் தின்றுவிட்டால் வழக்கே பாதி செத்துப்போகிறது.

மூன்றாம் நாள் அடித்தவர்கள் ஒரு புகார் கொடுத்தார்கள். எதிர்வழக்கு. அதில் எங்கண்ணன் முதல் எதிரி. அடிபட்டவனுக்குச் சட்டம் வைத்த பேரைப் பாருங்கள், எதிரி! பதினைந்து நாள் ரிமாண்ட். "நீ வாபஸ் வாங்கு, அவங்களும் வாங்கிருவாங்க" என்று ஆள் வந்தது. இதற்குப் பேர் சமாதானம். அப்பா மாட்டேன் என்றார். வழக்கு நடந்தது. நேரில் பார்த்த எங்கள் தெருக்காரர் கூண்டில் ஏறி "நான் எதையும் பாக்கலங்க" என்றார். அவர் கூலிக்குப் போனது அடித்தவர்களின் வயலுக்கு. அவருக்குக் கோர்ட் வைத்த பேர் பிறழ்சாட்சி. பிறழ்ந்தவரைச் சொல்ல வார்த்தை இருக்கிறது. பிறழ வைத்தவனைச் சொல்ல ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறார்களா?

சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை. அந்தக் கோட்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய் வழக்கில் உள்ளே கிடக்கும் நம் பையன்களுக்குத்தான் அது அதிகம் தேவை. ஆனால் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். நிலப்பிரபுக்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. சந்தேகம் எந்தத் தெருப்பக்கம் சாயும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சட்டமே அவனோடது, அதப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட வசதியான பேச்சு வேறில்லை.

1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். அதன் 4ஆவது பிரிவு என்ன சொல்கிறது? வாயால் சொன்னதை எழுதினால், கையெழுத்து வாங்குமுன் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய வேண்டும். நகல் கொடுக்க வேண்டும். 60 நாளில் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே இதைச் செய்யாமல் விட்டால் 6 மாதத்திலிருந்து ஒரு வருசம் வரை சிறை. ஆனால் அவர்மேல் வழக்குப் போட இலாகா விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டையை எதிர்த்துச் சண்டை போட வேண்டும். அதற்கும் முதலில் பிரிவைப் படித்திருக்க வேண்டும்.

சேரியில் பள்ளிக்கூடம் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஸ்டேஷனுக்குப் போகும் பெரியவர்களோடு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். "வாசிச்சுக் காட்டுங்க. எங்க தாத்தா சொன்ன சாதிப் பேரு இதுல இல்லையே, எழுதுங்க" என்று அந்தப் பிள்ளை கேட்கட்டும்.

எங்கப்பா இப்போது இல்லை. அன்றைக்கு நான் வாசித்தேன் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.