ஆரோக்கியப்பச்சை: இலை யாருடையது?

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது போனக்காடு. பிரிட்டிஷார் காலத்தில் தழைத்து, பிற்பாடு நலிந்து முடங்கிய தேயிலைத் தோட்டம். 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடத்துக்குப் போகிறவர்கள் வனத்துறையின் அனுமதிச் சீட்டுடன் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். தமிழுக்கு இலக்கணமும் சித்த மருத்துவமும் தந்ததாக நம்பப்படும் முனிவரின் மலை இது. அதன் காடுகளை உள்ளங்கை போல அறிந்தவர்கள் காணிப் பழங்குடியினர்.

1987 டிசம்பரில் தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிகள் குழு இந்த மலைத்தொடரில் ஏறியது. பாதி வழியிலேயே அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டியாக வந்த காணி இளைஞர்களுக்குக் களைப்பே தெரியவில்லை. அவ்வப்போது ஏதோ சிறு காய்களை மென்றபடி நடந்தார்கள். விஞ்ஞானிகளும் வாங்கி மென்றார்கள்; கால்களுக்குத் தெம்பு வந்தது. அது என்ன செடி என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைக்கவில்லை. வெளியாரிடம் சொல்லக் கூடாத ரகசியம் அது. மிகவும் வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். அதன் பெயர் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் ட்ரைக்கோபஸ் சைலானிக்கஸ்.

காணிகள் தின்றது காயை. ஆய்வுக்கூடம் தேர்ந்தெடுத்தது இலையை. களைப்பைப் போக்கும் சத்துகள் இலையிலும் இருந்தன. செடியைப் பிடுங்காமலே இலையைப் பறிக்கவும் முடியும். இலைச்சாறு உடலின் செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை அடக்குகிறது, அதாவது ஆன்டிஆக்சிடென்டாகச் செயல்படுகிறது என்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இத்தகைய சோதனைகள் நாடெங்கும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் நடப்பவைதான். ஊதாக் கரைசலில் இலைச்சாற்றை விட்டால் நிறம் மஞ்சளாக வெளுக்கிறது. ஆன்டிஆக்சிடென்ட் குணம் உண்டு என்று பொருள். கிருமிகள் பரவிய தட்டில் சாறு தோய்ந்த வில்லையை வைத்தால் சுற்றிலும் தெளிந்த வளையம் விழுகிறது. கிருமியைத் தடுக்கிறது என்று பொருள். வேம்பு, துளசி என்று பல இலைகள் இதில் தேறியிருக்கின்றன.

ஆனால் தட்டில் தேறுவது வேறு, உடலில் தேறுவது வேறு. கிருமியைத் தடுக்க ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தால் போதும். வடிகட்டாத இலைச்சாறு பல நேரங்களில் நூற்றுக்கணக்கில் தேவைப்படும். அந்த அளவை உடல் தாங்குமா, நஞ்சாகுமா, ரத்தத்தில் கலக்குமா என்ற கேள்விகளைத் தாண்டும் இலைகள் சொற்பம். நூலகத்தில் தூங்கும் ஆய்வேடுகளே அதிகம்.

ஆரோக்கியப்பச்சை அந்த வரிசையிலிருந்து தப்பி, கடை அலமாரி வரை போனது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையம் அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற சத்து மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுப்பது அன்று உலகுக்கே புதிது. 1997இல் காணிகளின் அறக்கட்டளை பதிவானது. 1999இல் 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்குக்கு வந்தது.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர் 1995இலேயே கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதி, தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்தார்கள். ரகசியம் இனத்துக்கே பொது. சிலர் சொன்னால் எல்லோரும் சம்மதித்ததாகிவிடுமா? அடுத்த சிக்கல் இலை. காட்டு நிழலில் வளர்ந்தால்தான் இதற்கு முழு வீரியம். காணிக் குடும்பங்கள் பயிரிட்டபோது, காட்டுச் செடிகளும் சூறையாடப்படும் என்று அஞ்சிய வனத்துறை தடை போட்டது. மருந்துக்குச் சந்தை இருந்தது, இலை வரவில்லை.

சட்டம் பிறகுதான் வந்தது. 2002இன் பல்லுயிர்ச் சட்டம் பயனைப் பகிர வேண்டும் என்றது. 2006இன் வன உரிமைச் சட்டம் மூலிகைகளைச் சேகரிக்கும் உரிமையையும், பாரம்பரிய அறிவின் மீதான உரிமையையும் பழங்குடியினருக்கு அளித்தது. ஆனால் 2023இன் திருத்தம், ஏட்டில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பகிர்விலிருந்து விலக்களித்தது. காணிகளின் அறிவு ஏட்டில் இல்லை, நாவில் இருந்தது. அதை எழுதிப் பதிந்தால் காப்பாற்றலாம். பதிந்த பின் பங்கு கிடைக்குமா என்பதுதான் இன்றைய கவலை.

இலையின் குணத்தை ஆய்வுக்கூடம் சில நாட்களில் அளந்து சொல்லிவிடுகிறது. அதைக் காட்டிக் கொடுத்தவருக்கு என்ன கொடுப்பது என்பதை முடிவு செய்யத்தான் காலம் பிடிக்கிறது.