3.9 கிராமுக்கு 188 மாதம்

"அவர் கிராக் விற்றது உண்மைதானே? பிறகு எதற்கு மேல்முறையீடு?" அமெரிக்கச் சிறைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் தோழர்களில் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார். நிரபராதி என்றால் கொடி பிடிக்கிறோம். குற்றம் செய்தவர் "எனக்கு ஏன் இத்தனை ஆண்டு?" என்று கேட்டால் காது கேளாதவர்களாகிவிடுகிறோம். சட்டத்தின் வஞ்சகம் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 500 கிராம் கோகைன் தூள் விற்றால் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. கிராக் என்றால் அதே 5 ஆண்டுக்கு 5 கிராம் போதும். கிராக் என்பது வேறொன்றுமில்லை. அதே தூளை ஆப்பசோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய கட்டி. ஆனால் கிராக் வழக்குகளில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தண்டித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பின மக்கள். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் எங்கும் கிடையாது. சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதியை நடத்துகிறவர்களோடு வாழும் நமக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1994-இல் மிசூரியில் கிளைட் கேஹில் என்ற கறுப்பின நீதிபதி இதை நேருக்கு நேர் கேட்டார். அவர் முன் நின்றவர் 18 வயதில் கிராக்கோடு பிடிபட்ட கறுப்பின இளைஞர். சட்டப்படி குறைந்தது 10 ஆண்டு. இந்த வேறுபாடு சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று எழுதி, கேஹில் 4 ஆண்டுதான் கொடுத்தார். மேல்முறையீட்டுக்கு ஓடியது யார் தெரியுமா? அரசு! தண்டனை போதாதாம். அதே ஆண்டில் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது.

அரசுக்கு மேல்முறையீடு ஆயுதம். கைதிக்கோ முள்வேலி. கூட்டாட்சி வழக்குகளில் 10-இல் 9 பேருக்கு மேல் விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பேர ஒப்பந்தங்கள் பலவற்றில் மேல்முறையீட்டு உரிமையையும் சேர்த்தே எழுதி வாங்கிவிடுகிறார்கள். அதற்கும் தப்பியவருக்குத் தீர்ப்பு பதிவான பிறகு 14 நாள் அவகாசம். அரசு செலவில் நியமிக்கப்பட்ட வக்கீலே "வாதாட இதில் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகவும் வழியிருக்கிறது.

இருந்தும் சிலர் விடவில்லை. வர்ஜீனியாவில் கிம்ப்ரோ என்ற முன்னாள் படைவீரருக்கு வழிகாட்டு நெறிகள் சொன்னது 19 முதல் 22½ ஆண்டு. நீதிபதி 15 கொடுத்தார். மேல்நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. கிம்ப்ரோ உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007 டிசம்பரில் 7-க்கு 2 என்று வென்றார்: கிராக் வழிகாட்டு நெறி அளவு மீறியது என்று கருதினால் விசாரணை நீதிபதி அதற்குக் கீழே தண்டிக்கலாம். அவர் நிரபராதி என்று யாரும் வாதிடவில்லை. எத்தனை ஆண்டு என்பதுதான் முழு வழக்கும்.

2010-இல் 100-க்கு 1 என்ற விகிதம் 18-க்கு 1 ஆனது. சமம் ஆகவில்லை, கவனியுங்கள்! ஏற்கெனவே உள்ளே கிடந்தவர்களுக்கு அந்தச் சலுகை நீள 2018 வரை ஆயிற்று. அதிலும் ஒரு குரூரம். ஃபுளோரிடாவில் டெர்ரி என்பவரிடம் இருந்தது 3.9 கிராம். பழைய வழக்குகளையும் கூட்டி 2008-இல் அவருக்கு விதித்தது 188 மாதம், அதாவது 15 ஆண்டு 8 மாதம். 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: 5 கிராம், 50 கிராம் என்ற வரம்புகளைத்தான் 2010-இன் சட்டம் மாற்றியது, எந்த வரம்பையும் தொடாத பிரிவில் தண்டிக்கப்பட்ட உனக்குச் சலுகை இல்லை. அதிகம் வைத்திருந்தவர் மனு போடலாம், குறைவாக வைத்திருந்தவர் போட முடியாது. தங்கள் தீர்ப்பால் சட்டத்தின் எழுத்து பிழைத்தது என்று நீதிபதிகள் திருப்தி அடைந்திருக்கலாம். அந்த மனிதர் இழந்த ஆண்டுகள் எந்தப் பிரிவில் வரும்?

விகிதத்தை 1-க்கு 1 ஆக்கும் மசோதா 2021-இல் பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மையோடு நிறைவேறியது. செனட்டுக்குப் போனது, அங்கேயே முடங்கியது.