குறை அழைப்பில்தான்

'அமெரிக்கக் கறுப்பின மக்கள் மருத்துவ ஆய்வுகளுக்கு வரமாட்டார்கள். டஸ்கிகீ தந்த காயம் அப்படி' என்பது பாதி உண்மை. டஸ்கிகீ ஆய்வில் 1932 முதல் 1972 வரை கறுப்பின சிபிலிஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த கொடுமையை யார் மறப்பார்கள்? ஆனால் 2006இல் 20 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்கள் சம்மதித்த விகிதத்தில் இன வேறுபாடு மிகச் சொற்பமாகவே இருந்தது.

அழைக்கும் விதத்தை மாற்றி, லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவர் ரொனால்டு விக்டரின் ஆய்வுக் குழு கறுப்பினத்தவர் நடத்திய 52 முடிதிருத்தகங்களுக்கே போனது. வழக்கமாக வரும் வாடிக்கையாளர்களுக்குக் கடையிலேயே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தாளுநரே கடைக்கு வந்து மருந்து எழுதினார். சேர்ந்தவர்கள் 319 பேர். ஆறே மாதத்தில் அந்தப் பிரிவில் சிஸ்டாலிக் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மற்றப் பிரிவில் 9தான். இவர்களையா அக்கறையற்றவர்கள் என்கிறீர்கள்?

வேலைநாளில், வேலை நேரத்தில் ஆய்வுக்காக மருத்துவமனைக்கு வரச் சொல்லிவிட்டு, கூலியை இழக்க முடியாமல் வராதவரை 'நம்பிக்கையற்றவர்' என்று முத்திரை குத்துவது அநியாயம். ஆள்சேர்ப்புக்கென்று தனியாகப் பணமும் ஆளும் ஒதுக்குங்கள். முடிதிருத்துநரைத் துண்டறிக்கை கொடுக்க மட்டும் கூப்பிடாதீர்கள். திட்டம் தீட்டும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள்.