ஊர் தேடி வரட்டும் பல் மருத்துவம்!



பல் போனால் சொல் போச்சு என்பர். சொல் மட்டுமா போகிறது? நகருக்குச் சென்றால் கூலித் தாயின் ஒருநாள் கூலி போகிறது; பேருந்துக் கட்டணமும் போகிறது. ஆகவே, கிராம்பைக் கடித்துக்கொண்டு களை பறிக்கச் செல்கிறாள். சொத்தை வேரைத் தொட்டு, வலி தாங்காதபோது, காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கி எறிகிறாள். இது விதியா? இல்லை, வழித்தொலைவு!

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி கல்கத்தாவில் 1920-இல் தோன்றியது. நூறாண்டு கடந்தும் மருத்துவர் பெரும்பாலும் நகரிலே, நோயாளியோ நாட்டுப்புறத்திலே! 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் வாழ்வது சிற்றூரில் அன்றோ?

தருமபுரியைப் பாருங்கள். நிலத்தடி நீரில் மிகுந்த புளோரைடு, பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏற்றியது. துலக்காத குற்றமன்று அது, தண்ணீரின் குற்றம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. காவிரி ஊர் தேடி வருமெனில், மருத்துவர் வரலாகாதா?

நாற்காலி, விளக்கு, காற்றழுத்தப் பொறி, கருவிகளை நீராவியில் தூய்மையாக்கும் கலன், ஜெனரேட்டர்—இவை ஏறிய ஊர்தி சிற்றூர் செல்லட்டும். சொத்தையை அங்கேயே அடைக்கலாம். புகையிலை மெல்லுவோர் வாயில் வெண்படலம் கண்டால், புற்றாகுமுன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

ஆண்டுக்கொருநாள் வந்து, பல்லைப் பிடுங்கி, படம் எடுத்துச் செல்லும் முகாமன்று நாம் கேட்பது. குறித்த நாளில் வரவேண்டும்; மீண்டும் வரவேண்டும்!

தோழர்களே, அடுத்த கிராம சபையில் இதனைத் தீர்மானமாக்குங்கள். ஏழையின் பல் பிடுங்குதற்கு மட்டும் உரியதன்று, காத்தற்கும் உரியது!