அளந்து பார்த்தீர்களா?

பழைய கார் வைத்திருப்பவருக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போகலாம். ஆலோசனைக்கு மட்டும் தட்டுப்பாடே வராது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாமாக் கடை வாசலில் நின்று பாருங்கள். தே தாரேக் ஆறுவதற்குள் மூன்று பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். மூவரும் மூன்று நோய் சொல்வார்கள், நான்கு மருந்து சொல்வார்கள்.

எங்கள் வீட்டு ஈஸ்வரா 1.5 விஷயத்தில் இதை நான் வேண்டிய அளவு அனுபவித்துவிட்டேன். அப்பா வாங்கி இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆன கார். நானும் தங்கையும் பள்ளிக்குப் போனது அதில்தான். இந்த வயதில் இன்ஜின் தேய்வது இயற்கை. ஏற்றத்தில் இழுக்கத் திணறியது. மிதிக்கும்போதெல்லாம் பின்னால் நீலப் புகை வந்தது. இன்ஜின் எண்ணெயும் குறைந்துகொண்டே போனது.

"கெட்டியான எண்ணெய் ஊற்று, புகை நின்றுவிடும்" என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். "ஹாஃப் கட் கடையில் ஜப்பான் இன்ஜின் ஒன்று வாங்கிப் போடு" என்றார் மாமா. அலுவலக நண்பன், "ஓவர்ஹால் செய்கிற காசை புதுக் காருக்கு முன்பணமாகக் கட்டு" என்றான். அப்பா எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு காரை இரும்புக் கடைக்குத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்ததோ ஓராண்டுச் சேமிப்பு. அதைத் தவறான ஆலோசனைக்குச் செலவழித்தால் பணமும் போகும், காரும் போகும்.

சொன்னவர்கள் எல்லோரும் நம் மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் அக்கறை இருந்தால் மட்டும் ஆலோசனை சரியாகிவிடாது. எதை எடுத்துக்கொள்வது, எதைச் சிரித்தபடி கேட்டுவிட்டு விட்டுவிடுவது என்று பிரிக்க ஒரு சல்லடை வேண்டும். அதை எனக்குக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு போமன். "அளக்காமல் ஒரு திருகையும் கழற்றாதே தம்பி. முதலில் கம்ப்ரெஷன் பார்" என்றார்.

கம்ப்ரெஷன் சோதனை என்பது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று பார்ப்பது. இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி, எக்ஸலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவை 168, 165, 98, 170 பிஎஸ்ஐ. மிகக் குறைந்த அளவு, மிகக் கூடிய அளவில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது பட்டறைகளில் பொதுவான கணக்கு. 170க்கு அது ஏறக்குறைய 128. மூன்றாவது சிலிண்டர் அதைவிட வெகுவாகக் கீழே இருந்தது.

பிறகு அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்தோம். 140க்கு ஏறியது. ஊற்றிய எண்ணெய் பிஸ்டன் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கிறது. அதனால் அழுத்தம் ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். அதற்குள் பாதி ஆலோசனைகள் தாமாகவே உதிர்ந்துவிட்டன. கெட்டி எண்ணெய் புகையைச் சில நாள் குறைக்கலாம், தேய்ந்த ரிங்கை வளர்க்காது. ஹாஃப் கட் கடையில், "இந்த இன்ஜினுக்குக் கம்ப்ரெஷன் எவ்வளவு?" என்று கேட்டேன். "ஜப்பான் சாமான் பாஸ், நல்லாத்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அதில் எண் எதுவும் இல்லை. எனவே எங்கள் இன்ஜினையே பிரித்துக் கட்டுவது என்று முடிவானது.

பிரித்ததும் அடுத்த சுற்று ஆலோசனை தொடங்கியது. சிலிண்டரை மெஷின் கடையில் மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளந்தார்கள். சிலிண்டர் சீராகத் தேயாது. ரிங் திரும்புகிற மேல்பகுதியில்தான் அதிகம் தேயும் என்பதால் இத்தனை அளவுகள். எங்கள் மூன்றாவது சிலிண்டரின் மேல்பகுதி 0.22 மி.மீ. அகன்றிருந்தது. பெரிய பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகக் கிடைக்கும். 0.25 வாங்கினால் தேய்மானத்தை முழுவதும் கடைந்தெடுக்கப் போதிய இடம் இருக்காது. ஆகவே நான்கு சிலிண்டரும் ஒரே அளவாக 0.50.

"கடைவதுதான் கடைகிறாய், 1.00 போட்டுவிடு. பவர் கூடும்" என்றார் பட்டறைக்கு வந்த இன்னொருவர். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 75.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 82 மி.மீ., மொத்தம் 1468 சிசி. 0.50 கடைந்தால் 1488 ஆகிறது. 1.00 கடைந்தால் 1508. இரண்டுக்கும் வித்தியாசம் 20 சிசி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி கொள்ளவுகூட இல்லை. அதற்காக சிலிண்டர் சுவரை இன்னும் மெல்லியதாக்கி, அடுத்த முறை கடைவதற்கான இடத்தையும் இழக்க வேண்டும். அப்பாவின் கார் பந்தயத்துக்குப் போகப் போவதில்லை. இன்னொரு பதினைந்து வருடம் சந்தைக்கும் கோயிலுக்கும் போனால் போதும்.

ரிங் விஷயத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. பிஸ்டன் ரிங் முழு வளையம் அல்ல. அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளிதான் இடம் கொடுக்கும். இடமில்லாமல் முனைகள் முட்டிக்கொண்டால் சிலிண்டர் கீறும், பிஸ்டனே உடையலாம். ஒருவர் "0.30 மி.மீ. விடு" என்றார். இன்னொருவர் "0.45க்குக் குறையவே கூடாது" என்று அடித்துச் சொன்னார். இருவரும் இருபது வருட அனுபவம் உள்ளவர்கள். யார் சொல்வது பொய்?

இருவர் சொன்னதும் உண்மைதான். சாதாரண இன்ஜினுக்கு விட்டத்தில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் சுமார் 0.10 மி.மீ. இடைவெளி என்பது பழைய கைக்கணக்கு. எங்கள் 76 மி.மீ. சிலிண்டருக்கு அது 0.30 ஆகிறது. 0.45 சொன்னவர் வாழ்நாள் முழுவதும் கட்டியது டர்போ இன்ஜின்கள். அங்கே சூடு அதிகம், ரிங் கூடுதலாக நீளும், இடைவெளியும் கூடுதலாக வேண்டும். அவருடைய எண் சரியானதுதான், எங்கள் இன்ஜினுக்கு உரியதல்ல. "எந்த இன்ஜினில் அண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்டதும் அரை மணி நேரச் சண்டை அடங்கியது. இறுதியில் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரம்பைப் பார்த்து, ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, ஃபீலர் கேஜால் நாங்களே அளந்துகொண்டோம்.

பேரிங்கும் அப்படியே. கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்கும் இடைவெளி, தண்டின் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். 50 மி.மீ. தண்டுக்கு 0.05 மி.மீ.; ஒரு தலைமுடிப் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கையால் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்றார் ஒருவர். அவர் கைக்குத் தெரியலாம், என் கைக்குத் தெரியாது. பிளாஸ்டிகேஜ் என்ற மென்மையான இழை ஒன்று விற்கிறது. அதை இடையில் வைத்து, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கி, மறுபடி கழற்றினால் இழை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதே இடைவெளியைச் சொல்லிவிடும். அனுபவம் இல்லாதவரும் தானே செய்து பார்க்கக்கூடிய வழியைச் சொல்லித் தருவதுதான் எனக்கு உதவிய ஆலோசனை.

கட்டி முடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. புது இன்ஜினை மெதுவாக ஓட்ட வேண்டும் என்றது ஒரு கட்சி. ஆரம்பத்திலேயே நன்றாக இழுக்க வைத்தால்தான் ரிங் சிலிண்டரோடு பொருந்தும் என்றது மறு கட்சி. இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டபோது அவர்கள் சண்டை போடாத சில இடங்கள் தெரிந்தன. நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடவிடாதே. ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போகாதே. சூடேறும் முன் விரட்டாதே. முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாற்று. எதிரெதிரான இருவரும் ஒத்துக்கொள்கிற விஷயத்தைத் தயங்காமல் பின்பற்றலாம் என்று அதை மட்டும் செய்தேன்.

இப்போது எவர் ஆலோசனை சொன்னாலும் மூன்று கேள்விகளை மரியாதையோடு கேட்கிறேன். என்ன அளந்தீர்கள்? எந்த இன்ஜினில் செய்தீர்கள்? செய்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் அரிது. இன்ஜின் கட்டிய கதையைப் பலர் உற்சாகமாகச் சொல்வார்கள். முதல் முறை சாவியைத் திருப்பிய நிமிடத்தோடு கதை முடிந்துவிடும். ஓராண்டு கழித்து அது எப்படி இருக்கிறது என்று சொல்பவர்கள் சிலரே. உடைந்த பிஸ்டனை மேசையில் வைத்து, அது ஏன் உடைந்தது என்று சொல்பவர் கிடைத்தால் அவருக்கு இன்னொரு தே தாரேக் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். வெற்றிக் கதை பத்தைவிட அந்த ஒரு கதையில் விஷயம் இருக்கும்.

எனக்கும் அந்தக் கடமை இருக்கிறது அல்லவா? சொல்லிவிடுகிறேன். கட்டியபின் கார் 11,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் மறுபடியும் அளந்தோம்: 178, 175, 176, 178. ஒரு எண்ணெய் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மேலூற்ற வேண்டிய தேவை வரவில்லை. 20,000 ஆனதும் இன்னொரு முறை அளந்து இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன், எண் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.